தவிட்டுக் கணக்கு

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயம். எனக்குத் தவிடு.

சோழவரத்துக்குத் தெற்கே இருக்கும் செங்குன்றம் அரிசி ஆலைகளின் ஊர். நெல் அரிசியாகும்போது உமி, தவிடு, நொய் என்று மிச்சம் விழும். இந்தப் பக்கத்து வீட்டுக் கோழிகள் அந்த மிச்சத்தில் வளர்ந்தவை. "கோழிக்குக் காசு குடுத்துத் தீனி வாங்குறதா? நல்லா கேட்ட போ" என்று என் பெரியம்மா சிரிப்பார். களத்தில் சிந்திய நெல், தவிட்டில் பிசைந்த பழைய சோறு, குப்பைமேட்டுப் புழு, அவ்வளவுதான். குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு தனிக் கவனிப்பு உண்டு. உடைந்த பானையில் சாணியும் கந்தல் சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும்.

இந்தத் தவிடு மருத்துவ வரலாற்றிலும் ஏறிவிட்டது. 1890-ஐ ஒட்டி, ஜாவாவின் பட்டாவியாவில் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அதுவரை கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவ அரிசி ராணுவத்தில் இல்லாத கோழிக்கு எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் இருந்த சத்துக்குப் பின்னாளில் தயமின் என்று பெயர் வந்தது. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

விநோதம் இதற்குப் பிறகுதான். சத்துகளைத் தனியாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்கலாம் என்றானதும், கோழிக்கு வெளியே வேலையில்லாமல் போனது. 1920-களில் வைட்டமின் டி வந்தது, வெயில் தேவைப்படவில்லை. 1948-இல் பி12 பிரித்தெடுக்கப்பட்டது, புழுவும் தேவைப்படவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் வைட்டமின் கலவையும் போதும் என்ற நிலையில் கூண்டுப் பண்ணை சாத்தியமானது. நாமக்கல் அந்தப் பாதையில் எழுந்த ஊர்.

அதை வில்லனாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இடும். பண்ணைக்கோழி 300-ஐத் தாண்டும். ஏழைக் குழந்தைகளின் தட்டுக்கு முட்டை வந்ததில் அந்தக் கூண்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த முட்டை தூரத்து நிலத்தை நம்பியிருக்கிறது. சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் விளைகிறது. 2021-இல் அதன் விலை எகிறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதியாக மத்திய அரசு அனுமதித்தது. இயற்கை வேளாண்மைக்கான தேசியத் தரவிதிகளோ மரபணு மாற்றத் தீவனத்தை ஏற்பதில்லை. சான்றிதழோடு கோழி வளர்ப்பவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். ரசாயனம் இல்லாத சோளமும் சோயாவும் வாங்கிப் போட்டால் முட்டை விலை எங்கேயோ போய்விடும்.

மாற்றாக எல்லோரும் அசோலா என்கிறார்கள். எஞ்சினியர் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. முட்டையிடும் பண்ணைக்கோழி தினம் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் புரதம் 17 கிராம் போல இருக்க வேண்டும். அசோலாவில் நூற்றுக்கு 93 பங்கு தண்ணீர். ஒரு கிலோவைக் காயவைத்தால் 70 கிராம், அதில் கால்வாசி புரதம் என்றாலும் அதே 17 கிராம்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒரு கிலோ பாசியைத் தின்னுமா? அசோலா நல்ல துணை. அதுவே முழுச் சாப்பாடு ஆகாது.

பெரியம்மா தலைமுறை கேள்வியையே வேறு பக்கத்திலிருந்து கேட்டது. இத்தனை கோழிக்கு என்ன போடுவது என்று யோசிக்கவில்லை. இருக்கிற மிச்சத்துக்கு எத்தனை கோழி தாங்கும் என்று பார்த்தது. ஒரு ஏக்கரில் 2 டன் நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 8 வீதம் தவிடு 160 கிலோ. ஒரு கோழிக்கு வருஷத்துக்கு 40 கிலோ தீனி. பாதியை அது மேய்ந்து தேடிக்கொண்டால் மீதி 20 கிலோ. ஆக, ஏக்கருக்கு எட்டுக் கோழி.

இன்று அந்த எட்டும் கஷ்டம். ஆலைத் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், சக்கை தீவன ஆலைக்குப் போகிறது. அறுவடை இயந்திரம் வயலிலேயே வேலையை முடித்துவிடுவதால் களம் என்று ஒன்று இல்லை. ஜி.என்.டி. சாலையோரம் வயல் கிடங்காகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு ஏக்கர் மனையானால் நெல்லோடு எட்டுக் கோழியின் தீனியும் போகிறது. பத்திரத்தில் அதற்கு விலை போடுவதில்லை.

'இயற்கைக் கோழி' என்று பலகை வைத்திருப்பவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, "நாட்டுக்கோழிதானே?" என்பது. "தீனி எங்கேயிருந்து வருது?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் பக்கத்து வயலைக் காட்டினால், விலை பத்து ரூபாய் கூட இருந்தாலும் வாங்கலாம்.