வீடு தேடி வந்த மருத்துவமாது

இலங்கையின் சுகாதார வரலாறு என்றதும் எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள்தான் ஞாபகம் வரும். கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879 இலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாக, கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில்தான் பிறந்தார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000 இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கோ.

1926 இல் களுத்துறையில் ஒரு புது முறை தொடங்கியது. ராக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு அது. நோயாளி வரும்வரை காத்திருக்காமல், பிரதேசத்தைப் பிரித்து ஒவ்வொரு மருத்துவமாதுவிடமும் ஒப்படைத்தார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்று அவ போய்ப் பார்த்துப் பதிய வேணும். கிளினிக்குக்குக் கூட்டிவர வேணும். பிரசவம் பார்க்க வேணும். பிறகும் வேலை முடியாது. பிள்ளையின் தொப்புள் காய்ந்துவிட்டதா, பால் குடிக்கிறதா, தாய்க்குக் காய்ச்சலா, இரத்தம் போகிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பா. ஆபத்தென்றால் வைத்தியசாலைக்கு அனுப்புவா.

1947 இல் 1000 இற்கு மேல் இருந்த தாய் மரண வீதம் 1950 இல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதை மருத்துவமாதர் தனியே செய்யவில்லை. டிடிடி தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியதும், பெனிசிலினும், இலவச வைத்தியசாலைகளும் சேர்ந்துதான் செய்தன. ஆனால் எந்த ஒழுங்கையில் எந்தப் பெண்ணுக்கு உதவி வேணும் என்று பெனிசிலினுக்குத் தெரியாது. அது அவவுக்குத்தான் தெரியும்.

இந்தக் கதையை நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் இந்த மருத்துவமாது மலையகத்து லயங்களுக்குப் போகவில்லை. அங்கே சுகாதாரம் தோட்டக் கம்பனிகளின் பொறுப்பு. 1948 இன் சட்டத்தால் குடியுரிமையும் பறிபோன மக்கள், அரசிடம் போய்க் கேட்கவும் முடியாது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரச சுகாதார சேவை மெல்ல மெல்ல உள்ளே வந்தது. அதுவரை, தேசிய சராசரி இறங்கிக்கொண்டே போக, தோட்டத்துக் குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான். தாயும் பிள்ளையும் வீடு வந்ததும் மருத்துவமாது இப்பவும் வந்து பார்க்கிறா. தாய் மரணம் குறைந்த நாடு என்று எங்கேயாவது வாசித்தால், யாருடைய வீட்டில், எப்ப குறைந்தது என்றும் ஒருக்கால் கேட்டுப்பாருங்கோ.