கருவி பெரிதா? கை பெரிதா?

இசையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பாடினவரைப் புகழ்வர், பாட்டெழுதினவரைப் போற்றுவர், கேட்டவர் பெற்ற இன்பத்தையும் எடுத்துரைப்பர். ஆனால், கருவியைச் செய்தவன் யார், அஃது என்ன விலைக்கு விற்றது, எவர் கைக்கு எட்டியது, எவர் கைக்கு எட்டாமற் போயிற்று என்று உசாவுவோர் மிகச் சிலரே. அவ்வாறு உசாவப் புகுந்தால், இசையின் வரலாறு ஏழையின் வரலாற்றோடும் உழைப்பாளியின் வரலாற்றோடும் பின்னிக் கிடப்பது புலனாகும்.

மின்சாரத்தால் ஒலிக்கும் இசைக் கருவிகளைப் பற்றி நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. அனலாக் எனப்படும் தொடரலைக் கருவியே உயிருள்ளது, ஏனையது வெறுங் கணக்கு என்பர் ஒரு சாரார். டிஜிட்டல் எனப்படும் இலக்கக் கருவியே பிழையற்றது, பழையதைப் பாராட்டுவது வீண் பற்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியையும் வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடியும் பாலும் ஏட்டின் எண்ணும்

பால்மரக் காட்டை அறிந்த அன்பர்களுக்கு இவ்விரு வகையின் வேறுபாட்டை விளக்குதல் எளிது. பட்டையில் இட்ட வெட்டின் வழியே பால் இடையறாது வடிந்து மங்கில் சேர்கிறது. பின்னர் அதனை நிறுத்துப் பார்த்துக் கிராணியார் ஏட்டில் ஓர் எண்ணாகப் பதிகிறார். வடிகின்ற பால் தொடர்ச்சி. ஏட்டில் ஏறியது கணக்கு. அனலாக் கருவியில் மின்னழுத்தமே ஒலியலையைப் போல இடையறாது ஏறி இறங்குகிறது. டிஜிட்டல் கருவியிலோ, அந்த ஏற்ற இறக்கம் எண்களின் வரிசையாகக் கணிக்கப்பட்டு, இறுதியில் மீண்டும் மின்னழுத்தமாக மாற்றப்படுகிறது. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒரு விநாடி ஒலிக்கு 44,100 எண்கள் பதியப்படுகின்றன.

எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே இசை ஒழுகிப் போய்விடாதோ என்று ஐயுறுவோர் உண்டு. மனிதச் செவி கேட்கக் கூடிய மிக உயர்ந்த ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளே. அதிர்வின் எண்ணிக்கைக்கு இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்த அலையை ஒன்றும் குறையாமல் திரும்பப் படைக்கலாம் என்பது கணித நூலார் நிறுவிய உண்மை. ஆதலின், எண் என்பதனாலேயே இசை குறைந்துபோகும் என்பது பொருந்தாது.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அனலாக் கருவியின் உள்ளுறுப்புகள் வெப்பத்தால் மாறும்; சுருதி சிறிது நழுவும்; ஒரே சாலையில் செய்த இரு கருவிகளும் ஒன்றுபோல் ஒலியா. அந்தச் சிறு பிசகே சிலர் செவிக்கு உயிர்த் துடிப்பாகத் தோன்றுகிறது. டிஜிட்டல் கருவியோ, இன்று ஒலித்தவாறே நாளையும் ஒலிக்கும். அந்தத் திண்மையே வேறு சிலருக்கு வேண்டுவதாகிறது.

செல்வர் கூடத்துக் கருவிகள்

ருசிய நாட்டு விஞ்ஞானி லெவ் தெரமின் 1920-ஆம் ஆண்டளவில், கை படாமலே ஒலிக்கும் மின்னிசைக் கருவி ஒன்றை ஆக்கினார். 1922-இல் லெனின் முன்னிலையிலும் அதனை இசைத்துக் காட்டினார். அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்னும் பொறியாளர், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசைப் புலவரின் துணையோடு 1964-இல் தம் சிந்தசைசரை அமைத்தார். அக்கருவியில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். 1968-இல் வெண்டி கார்லோஸ் என்னும் கலைஞர், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் படைப்புகளை இக்கருவியில் இசைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். ஒரு வேளைக்கு ஒரு சுரமே அதில் ஒலிக்கும். ஆகவே இழை இழையாகப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவ்விசையை நெய்தெடுத்தார். அத்தட்டு பெற்ற வெற்றியால் மோக்கின் பெயர் உலகெங்கும் பரவியது. 1969-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் ஒரு மோக் கருவி நிறுவப்பட்டது.

எனினும், சுவர் மறைக்கும் அளவுடைய அக்கருவியைப் பல்கலைக்கழகங்களும் செல்வமிக்க கலைஞருமே வாங்க இயன்றது. 1970-இல் சிறிய மினிமோக் வந்த பின்னும் ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது கனவாகவே இருந்தது.

டிஜிட்டல் இசையும் அவ்வாறே பெருங்கூடத்தில்தான் பிறந்தது. 1957-ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்பவர், ஐ.பி.எம். 704 என்னும் பெருங் கணிப்பொறியைக் கொண்டு 17 விநாடி இசையை ஒலிக்கச் செய்தார். ஓர் அறை நிறைந்த இயந்திரத்தால் 17 விநாடி இசை! பத்து ஆண்டு கழிந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் ஒரு புதுமையைக் கண்டார். பாடகர் குரலில் காட்டும் அசைவைப் போன்றதோர் அசைவைக் கணிப்பொறி ஒலிக்கு ஊட்டி, அதன் விரைவை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே சென்றார். ஓர் எல்லைக்கு மேல் செவிக்கு அசைவு தோன்றவில்லை. முற்றிலும் புதியதொரு நாதமே தோன்றியது. மணியோசையும் பித்தளைக் குழலோசையும் இம்முறையில் எளிதாகப் பிறந்தன.

அமெரிக்க ஆர்கன் உற்பத்தியாளர் இதன் அருமையை அறியாது கைவிட்டனர். ஜப்பானிய யமாஹா நிறுவனமோ உரிமை பெற்றுப் பல்லாண்டு உழைத்தது. 1983-இல் அந்நிறுவனம் டி.எக்ஸ்.7 என்னும் கருவியை ஏறத்தாழ 2,000 டாலர் விலையில் வெளியிட்டது. ஒரே வேளையில் 16 சுரங்கள் ஒலிக்கும்; சுருதி நழுவாது; ஒருவரே தூக்கிச் செல்லலாம். அத்தனைச் சுரங்களை ஒருங்கே ஒலிக்க இயலாத அனலாக் கருவிகள் அந்நாளில் அதனினும் இரு மடங்கு விலைக்கு விற்றன. பின்பு நிகழ்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? இசைக்கூடத்தார் பழைய கருவிகளை ஒவ்வொன்றாக விற்றுத் தள்ளினர். இனி அனலாக் மாண்டது என்றே பலரும் எண்ணினர்.

தோல்வியுற்ற இரு பெட்டிகள்

இங்கே நாம் மற்றொரு மனிதரை நினைத்தல் வேண்டும். 1930-இல் பிறந்த இக்குதாரோ காக்கேஹாஷி, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதினாறு வயதில் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். அதே நோய் தம்மையும் பற்ற, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். அவர்தாம் 1972-இல் ரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

அந்நிறுவனம் 1980-இல் டி.ஆர்.808 என்னும் தாளக் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில், உண்மை முழவோசைகளை எண்களாகப் பதிந்து ஒலிக்கும் லின் என்னும் டிஜிட்டல் தாளக் கருவியும் வந்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808-இன் விலை 1,195 டாலர். ஆயின், அதன் ஒலி எந்த முழவையும் ஒத்திருக்கவில்லை என்று பலர் எள்ளினர். அதன் சிணுங்கோசைக்காகக் குறையுள்ள டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கி உள்ளே அமைத்திருந்தனர். தொழில்நுட்பம் திருந்தத் திருந்த அத்தகைய குறைப்பொருள் கிடைப்பது அரிதாயிற்று. ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது.

அதன் தம்பி டி.பி.303. தனியே பயிலும் கித்தார்க் கலைஞர்க்குக் கீழ்ச்சுரத் துணையாக 1981-இல் வந்த இச்சிறு பெட்டி, கித்தாரைப் போலவும் ஒலிக்கவில்லை. எவர்க்கும் எளிதில் விளங்கவும் இல்லை. 1984-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. இரண்டும் பழம்பொருட் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்து, மலிந்த விலைக்குக் கிடந்தன.

மலிந்து கிடந்ததை எடுத்தவர் யார்? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலும், சிக்காகோவிலும், மோட்டார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகிய டெட்ராயிட்டிலும் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள். 1982-இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் குழு 808-இன் தாளத்தைக் கொண்டே புதுமை படைத்தது. 1987-இல் சிக்காகோவில் ஃபியூச்சர் என்னும் மூவர் குழு, 303 ஒலித்துக் கொண்டிருக்கும்போதே அதன் திருகுகளைத் திருப்பித் திருப்பி, அதுவரை உலகம் கேட்டிராத ஒரு நெளியும் நாதத்தைப் பிறப்பித்தது. அந்த இசைத்தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகையே கிளைத்தது. டெட்ராயிட்டை அடுத்த பெல்வில் ஊர்ப்பள்ளி நண்பர்களான வான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டெக்னோ என்னும் இசையை வளர்த்தனர். அவ்விசைக்கு உயிர்நாடியான டி.ஆர்.909 என்னும் கருவியில் முழவோசை அனலாக். தாளத்தட்டின் ஓசை டிஜிட்டல். அறிஞர் கூடத்தில் வழக்காடிய இரு கட்சியும் ஏழை வீட்டு நிலவறையில் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன!

இக்கருவிகள் ஒன்றோடொன்று பேசவும் ஒரு வழி பிறந்தது. காக்கேஹாஷியும் அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்தும் முன்னின்று வகுத்த மிடி என்னும் பொதுமொழி 1983-இல் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் உரிமைப் பணம் தர வேண்டுவதில்லை. போட்டி நிறுவனங்களின் கருவிகளும், பழையதும் புதியதும், ஒரே கம்பியில் இணைந்தன. பொதுமையால் விளைந்த நன்மைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் பக்கத்துச் செய்தி

சிக்காகோ இளைஞர்க்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1982-இல், பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்னும் கலைஞர் 808, 303 ஆகிய இவற்றையே கொண்டு பத்து இராகங்களை இசைத்துத் தட்டாக வெளியிட்டார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து செல்லும் 303-இன் இயல்பு, நம் இசையின் குழைவுக்கு ஒருவாறு இடந்தந்தது. அன்று அத்தட்டை வாங்குவார் இல்லை. 2010-இல் அது மறுபதிப்பாக வந்தபோது, உலகமே வியந்து திரும்பிப் பார்த்தது.

சென்னைக்கும் அலை வந்தது. 1992-இல் ரோஜா படத்தின் வழியே ஏ. ஆர். ரகுமானின் இசை தமிழர் இல்லங்களில் புகுந்தது. சிந்தசைசரும் கணிப்பொறியும் நிறைந்த சிறு கூடத்தில் உருவாகும் இசையை நம்மவர் விரும்பி ஏற்றனர். பாராட்டத் தக்கதே. ஆனால் மறைக்கத் தகாததொன்றும் உண்டு. முன்பு ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர் அமர்ந்து வாசித்த கூடங்களில் இருக்கைகள் காலியாயின. வயலினையும் தபலாவையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல பிழைப்பிழந்தன. இலண்டனிலும் இந்த அச்சம் எழுந்தது. 1982-இல் இசைவாணர் சங்கத்தின் கிளை ஒன்று சிந்தசைசரைத் தடை செய்ய வேண்டுமென்று தீர்மானம் இயற்றிற்று. தடை நிறைவேறவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி பொய்யன்று. இயந்திரம் வந்தால் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்னும் அக்கேள்வியை ஆலைத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் நன்கறிவர்.

கச்சேரி மேடையையே பாருங்கள். தம்புரா மீட்டுவோர் இருந்த இடத்தில் மின்சுருதிப் பெட்டி வந்தது. பின்பு உண்மைத் தம்புராவின் ஒலியை எண்ணாகப் பதிந்த பெட்டி வந்தது. இன்று கைப்பேசியே சுருதி கூட்டுகிறது. தம்புரா வாங்க இயலாத வீட்டுப் பெண்ணும் இன்று சுருதியோடு பாடிப் பயில்கிறாள். ஒருபுறம் இழப்பு, மறுபுறம் திறப்பு. இரண்டையும் கண் திறந்து காண்பதே அறிவுடைமை.

தீர்ப்பு

இனி வழக்கை முடிப்போம். அன்று அடகுக் கடையில் கிடந்த 808-உம் 303-உம் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. எள்ளப்பட்ட குறையோசை இன்று கிடைத்தற்கரிய செல்வமாகப் பேசப்படுகின்றது. 2014-இல் ரோலண்டு நிறுவனமே, 808-இன் மின்சுற்று நடப்பதைக் கணக்கால் பின்பற்றும் ஒரு டிஜிட்டல் கருவியை வெளியிட்டது. அனலாக் செல்வரின் அலமாரிக்குப் போயிற்று. டிஜிட்டலோ விலையின்றியே கைப்பேசியில் கிடைக்கின்றது. முன்பு உயர்ந்தது தாழ்ந்தது, தாழ்ந்தது உயர்ந்தது. கருவிகளின் இயல்பு இடையில் மாறவில்லை. மாறியது விலையும், விலையைப் பின்பற்றிச் செல்லும் மதிப்புமேயாம்.

ஆதலின் அன்பர்களே, நம் வீட்டுப் பிள்ளை கைப்பேசியிலோ, பழைய கணிப்பொறியிலோ தாளங்கட்டிப் பழகுவானாயின், இது கருவியா, இதுவும் இசையா என்று இகழாதீர். அவன் கைக்கு எட்டியது அது. சிக்காகோ இளைஞன் கைக்கு எட்டியதும் பிறர் வேண்டாமென்று எறிந்த ஒரு சிறு பெட்டியே. திருகைத் திருப்பிப் பார்க்கும் துணிவும், கேட்டதை மீண்டும் கேட்டுத் திருத்தும் பொறுமையும் அவனிடம் இருந்தன. அவற்றை நம் பிள்ளைகளிடமும் வளர்ப்போம். கருவி எதுவாயினும் ஆகுக.