ஒரு கணக்கு, பல மொழிகள்



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் எல்லோரும் ஒரே வழியிற் செல்வதில்லை. பட்டிருப்புப் பாலத்தின் வழியாகச் செல்வாரும் உளர். குருக்கள்மடத்துத் துறையில் ஏறி அம்பிலாந்துறையில் இறங்குவாரும் உளர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அவ்வழியை நாடுவோர் பலராயினர். சேருமிடம் ஒன்றேயாயினும் காத்திருப்பும் சுற்றும் வழிக்கு வழி வேறுபடும். இவற்றுள் எது நன்றென அறிய விரும்புவோன் ஒரே சுமையை ஒவ்வொரு வழியாலும் கொண்டுசென்று பார்த்தல் வேண்டும்.

கணினிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் இருவர் இம்முறையையே கையாண்டனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் குனூத்தும் லூயிஸ் டிராப் பார்டோவும் 1976ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில், தொடக்ககால மொழிகள் பலவற்றிற்கும் ஒரே கணக்கைக் கொடுத்தனர். அக்கணக்கு வருமாறு: பதினொரு எண்களை வாங்கிக்கொள்க, இறுதி எண்ணிலிருந்து முதலெண் நோக்கிச் செல்க, எண்ணின் குறியை நீக்கி வர்க்கமூலங் கண்டு, அதனோடு எண்ணின் கனத்தை ஐந்தாற் பெருக்கிக் கூட்டுக, வருவது 400ஐ விஞ்சினால் 'மிகப் பெரிது' என்று அச்சிடுக, அன்றேல் விடையை அச்சிடுக. 4 என்னும் எண்ணுக்கு விடை 322. 5 என்னும் எண்ணுக்கோ விடை 627ஐ அணுகுவதால் அது வரம்பைக் கடந்துவிடும்.

இக்கணக்கினால் உலகியற் பயன் யாதும் இல்லை. எனினும், நிரையாக எண்களை வைத்தல், மீண்டும் மீண்டும் செய்தல், நிபந்தனை நோக்கிப் பிரிதல், விடையை வெளியிடல் ஆகிய அடிப்படைத் தொழில்கள் அனைத்தும் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் ஒவ்வொரு மொழியும் தன் வன்மையையும் மென்மையையும் மறைக்க இயலாமற் போயிற்று.

ஜெர்மனியில் கொன்ராட் சூசே என்பார் 1945ஆம் ஆண்டளவில் வகுத்த பிளான்கால்கூல் என்னும் மொழியில், ஒவ்வொரு பெயரின் கீழும் அதன் வரிசையெண்ணும் வகையும் தனித்தனி வரிகளில் எழுதப்பட்டன. எழுத்துக்களை அச்சிட வகையில்லாத மொழிகளில் 'மிகப் பெரிது' என்பதற்குப் பதிலாக 999 என்னும் எண்ணையே அச்சிட வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட்ரான் மொழி, பாடசாலை அட்சரகணிதத்தைப் போலவே சூத்திரங்களை எழுத இடந்தந்தது. அது பெரும் பேறு. ஆயினும் அம்மொழியில் கீழ்நோக்கி எண்ணுதற்கு வழியில்லை. சுழியத்தை வரிசையெண்ணாகக் கொள்ளவும் இயலாது. ஆகவே, மேல்நோக்கி எண்ணிக்கொண்டே அவ்வெண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்துப் பின்னோக்கி வரும் சூழ்ச்சியை எழுதுவோனே செய்தல் வேண்டும். மூன்றாண்டு கழிந்து வந்த அல்கோல் 60 என்னும் மொழியிலோ 'பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துச் சுழியம் வரை' என்று நேரே கூறிவிடலாம். மொழி சுமக்க மறுத்த பாரம் எழுதுவோன் தலையில் ஏறுகின்றது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர் எளிதில் உணர்வர்.

இனி, இவ்வுரைகல்லில் நம் தமிழையும் உரைத்துப் பார்ப்போமா? முத்து அண்ணாமலை என்பார் தமிழ்ச் சொற்களாலேயே ஆணையிடத்தக்க 'எழில்' என்னும் மொழியை உருவாக்கி, 2009ஆம் ஆண்டில் அதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அச்சிடுதற்கு அதில் 'பதிப்பி' என்பது ஆணை. 'விடை 400ஐ விஞ்சினால்' என்னும் பகுதியை எழில் எழுதும் முறை கவனித்தற்குரியது. ஆங்கிலத்தைத் தழுவிய மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். எழிலிலோ நிபந்தனையை முதலிற் கூறி, அதன் பின்னரே 'ஆனால்' என்னும் சொல்லை வைத்தல் வேண்டும். 'வரை' என்பதும் அவ்வாறே பின்வரும். நாம் நாள்தோறும் பேசும் தமிழின் நடை இதுவன்றோ? சொற்களை மட்டும் மாற்றியிருந்தால் அது ஆங்கிலத்திற்குத் தமிழ்ச் சட்டை அணிவித்ததாகவே முடிந்திருக்கும்.

காரைதீவில் 1892ஆம் ஆண்டில் தோன்றிய விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் பயின்றவராய்த் தமிழில் கலைச்சொல்லாக்கும் பணிக்கு 1930களில் முன்னின்றார். இன்று அப்பணி சொல்லோடு நில்லாது வாக்கிய அமைப்பையும் தழுவ வேண்டியுள்ளது. உலகெங்கும் தொழிலுக்குரிய நிரல்மொழிகள் ஆங்கிலச் சொற்களையே பெரிதும் கொண்டிருத்தலின், நம் மாணவர் அவற்றைக் கற்றேயாகல் வேண்டும். ஆயினும் கணக்கின் வழி எம்மொழிக்கும் தனியுரிமையன்று. முதலில் அவ்வழியைத் தன் தாய்மொழியிற் சிந்தித்துத் தெளிந்த மாணவன், பின்னர் அதனை எம்மொழியிலும் எழுத வல்லவனாவான்.

ஆதலின், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பயில்வோரும் படுவான்கரைக் கிராமப் பாடசாலைகளிற் கற்பிப்போரும் இப்பதினொரு எண் கணக்கை எடுத்து, எழிலில் ஒருமுறையும் தாம் அறிந்த பிறமொழியில் ஒருமுறையும் எழுதி அருகருகே வைத்து நோக்குவாராக. எவ்விடத்தில் மொழி உதவிற்று, எவ்விடத்தில் தாமே சுமந்தோம் என்பதை அவ்விரு ஏடுகளும் காட்டும்.