0.14 விழுக்காட்டை எப்படி வாசிப்பது? பள்ளிச் சத்துணவும் உணவு ஒவ்வாமையும்

உணவு ஒவ்வாமை மேலைநாட்டுப் பள்ளிகளின் சிக்கல், நம் சத்துணவுக் கூடங்கள் அதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கருத்து பொதுச் சுகாதார எழுத்துகளில் அடிக்கடி தென்படுகிறது. இதற்குச் சான்றாக நிற்பது பெரும்பாலும் ஒரே எண். யூரோப்ரிவால் என்ற ஐரோப்பிய உணவு ஒவ்வாமை ஆய்வின் விரிவாக்கமாக ஹாங்காங், சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய இடங்களில் 6 முதல் 11 வயது வரையிலான 35,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் திரட்டிய தரவு 2020-இல் வெளியானது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட பிள்ளைகள் ஹாங்காங்கில் 1.50 விழுக்காடு, கர்நாடகத்தில் திரட்டப்பட்ட இந்தியத் தரவில் 0.14 விழுக்காடு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பள்ளிகளுக்குத் தனி நெறிமுறை தேவையில்லை என்கின்றனர். எண்ணைப் பெரிதாக மறுக்க இக்கட்டுரை முனையவில்லை. எண்ணிலிருந்து அவர்கள் சென்றடையும் முடிவே பிழை என்பதுதான் இங்கு வாதம். வாதத்துக்கு நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்திலுள்ள வெண்ணந்தூர் ஒன்றியத்தின் பள்ளிகளை மனத்தில் கொள்கிறேன். கோழிப்பண்ணைகளின் மாவட்டம் இது. பள்ளி நாள்தோறும் தட்டில் முட்டை விழும் மாநிலம் இது.

முதலில், அந்த எண் எப்படி உருவானது? ஒரு குழந்தை அக்கணக்கில் சேர இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். குறிப்பிட்ட உணவை உண்டபின் உடலில் மாற்றம் தோன்றியதாக வீட்டார் சொல்ல வேண்டும். அதே உணவுக்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்பான் பரிசோதனையில் தெரிய வேண்டும். இரண்டாவது ஆய்வகத்தின் வேலை. முதலாவது பெற்றோரின் நினைவைச் சார்ந்தது. தறிக்குப் போகும் தாய் பிள்ளை பள்ளியில் மதியம் என்ன தின்றது என்பதைப் பார்ப்பதில்லை. பகல் ஒன்றரை மணிக்கு எழும் தடிப்பு மாலை நான்கரைக்கு வீடு திரும்புமுன் அடங்கிவிடலாம். வாந்தி என்றால் ‘வெயில்’, இருமல் என்றால் ‘சளி’. உணவுக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட ஆளில்லாதபோது முதல் நிபந்தனை தவறிவிடும். கர்நாடகத்தில் வயது வந்தோரிடம் நடந்த இணை ஆய்வில் உணவுக்கு எதிரான எதிர்ப்பான் கொண்டோர் 26.5 விழுக்காடு, ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முதன்மைக் காரணம் எதிர்ப்பான் உள்ள எல்லாருக்கும் நோய் வராது என்பதே; அதில் ஐயமில்லை. ஆயினும், கேட்கப்படாமலும் கவனிக்கப்படாமலும் போனவர்களுக்கு அந்த இடைவெளியில் இடமே இல்லை என்று யாராலும் சொல்ல இயலாது.

வயது இன்னொரு தடை. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் மழலைப் பருவத்தில் தோன்றிப் பள்ளி வயதுக்குள் பலருக்கு மறைந்துவிடுகிறது. 6 வயதில் தொடங்கும் கணக்கு, வாரம் மூன்று முட்டை உண்ணும் அங்கன்வாடிக் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே வளாகத்தில் இயங்கும் அங்கன்வாடிக்கும் அந்த எண்ணையே நீட்டுவது முறையன்று.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு 0.14 விழுக்காட்டை அப்படியே ஏற்போம். 714 பிள்ளைகளில் ஒருவர். ஆண்டுக்கு 20 பிள்ளைகள் முதல் வகுப்பில் சேரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் அப்படி ஒரு குழந்தை வர ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆகும். ஹாங்காங் விகிதத்தில் அதே பள்ளிக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருவர் வருவார். அங்கே ஆசிரியர் அனுபவத்தில் கற்றுக்கொள்வார். சக ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். வெண்ணந்தூரில் ஒரு தலைமையாசிரியர் அப்படி ஒரு பிள்ளையைக் காணாமலே பணி ஓய்வு பெறலாம்; சமையலரும் அப்படியே. ‘எங்கள் பள்ளியில் அப்படி யாருமில்லை’ என்று ஒவ்வொரு பள்ளியும் உண்மையாகவே சொல்லும். ஆனால் சத்துணவு உண்போர் மாநிலம் முழுவதும் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதே விகிதம் 5,600 பிள்ளைகளைத் தருகிறது. அனுபவம் கற்றுத்தராத ஆபத்துக்குத்தான் எழுதிவைத்த விதி வேண்டும். எண் சிறுத்திருப்பது நெறிமுறையின் தேவையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைப்பதில்லை.

இருக்கும் விதிகளே போதும் என்போர் இரண்டைக் காட்டுகின்றனர். ஒன்று, பரிமாறுமுன் ஆசிரியர் உணவைச் சுவைத்துப் பார்ப்பது. 2013-இல் பீகாரில் பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவு 23 பிள்ளைகளைப் பலிகொண்ட பின் நாடெங்கும் வலியுறுத்தப்பட்ட ஏற்பாடு இது. நஞ்சு எல்லாருக்கும் நஞ்சு. ஒவ்வாமை அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே. ஆசிரியர் உண்டு நலமாக இருப்பது அக்குழந்தைக்கு எந்தக் காப்பும் ஆகாது.

மற்றொன்று, முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு. இது மரக்கறி உண்ணும் குடும்பங்களை மதித்து வந்த நல்ல ஏற்பாடு. ஒவ்வாமைக்கும் இது போதுமா? சமையல் நடக்கும் விதத்தைப் பார்த்தால் போதாது என்றே தோன்றுகிறது. கலவைச் சாதப் பட்டியலில் மிளகு முட்டை, வெங்காயம் தக்காளி மசாலா முட்டை என வகைகள் உண்டு. அவித்த முட்டையை உரித்த கை அடுத்து உருளைக்கிழங்கைப் புரட்டுகிறது. மசாலா முட்டையை அள்ளிய கரண்டி சாதப் பாத்திரத்துக்குப் போகிறது. மரக்கறிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதனால் மனக்குறை நேரலாம். கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மூச்சே அடைபடலாம். இருவரும் ஒரே வாழைப்பழ வரிசையில் நிற்பதால் யார் எதற்காக நிற்கிறார் என்பது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரிவதில்லை.

முட்டை ஒன்றே சிக்கல் என்றும் கொள்ளக் கூடாது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் ஒழுங்குமுறைகள் பசையப் புரதமுள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, சல்பைட் ஆகியவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. சத்துணவில் வரும் மீல்மேக்கர் சோயா என்பதால் இப்பட்டியலுக்குள் அடங்கும்; சுண்டலுக்கு வரும் கொண்டைக்கடலை அடங்காது. கொண்டைக்கடலை ஒவ்வாமை வட இந்திய ஆய்வுகளிலும், சாம்பாரில் தவறாமல் விழும் கத்தரிக்காயின் ஒவ்வாமை மைசூரு ஆய்விலும் பதிவாகியுள்ளன. அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளிடம் கேட்டால் ‘இல்லை’ என்ற விடைதான் மிகும்.

மறுப்புகளில் ஒன்றே விரிவாகப் பேசத்தக்கது. ஒவ்வாமையை எழுப்பினால், முட்டையைப் பள்ளியிலிருந்து விரட்ட நினைப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்கின்றனர். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் முட்டைக்கு எழுந்த எதிர்ப்பை அறிந்தோர் இந்த அச்சத்தை எளிதில் தள்ள மாட்டார்கள். அதனாலேயே ஒவ்வாமை விலக்கு மருத்துவர் எழுத்தில் மட்டும் அமைய வேண்டும். குடும்ப விருப்பத்தோடு கலக்கக் கூடாது. அந்த ஒரு பிள்ளைக்காக மற்ற 713 பேரின் முட்டையில் கைவைக்க எந்த மருத்துவமும் சொல்லவில்லை. ஊழியர்களுக்கு வேலைப்பளு கூடும் என்ற மறுப்பு நிற்காது; கேட்பது ஒரு தனிக் கரண்டியும் ஒரு பதிவேட்டு வரியும்தான். புழுதியில் வளரும் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்பது ஆறுதல் பேச்சு. ஒரு குழந்தையின் காப்புக்கு அதை நம்ப இயலாது.

தேவையான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கும் இருமுறை அங்கன்வாடிக்கும் வருகிறது. அது தேடும் 30 நிலைகளில் மூச்சிரைப்பு உண்டு, உணவு ஒவ்வாமை இல்லை. இரண்டும் சேர்ந்த குழந்தைக்கே உயிராபத்து மிகுதி என்பதால், அக்குழுவின் அட்டையிலும் சேர்க்கைப் படிவத்திலும் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: எந்த உணவையாவது தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்ததுண்டா? ‘ஆம்’ என்றால் மருத்துவர் உறுதிசெய்யட்டும். உறுதியானால் வகுப்பாசிரியரும் அமைப்பாளரும் பெயரை அறியட்டும். அப்பிள்ளைக்குத் தனிக் கரண்டியில் முதலில் பரிமாறட்டும்.

மீறி ஏதும் நேர்ந்தால் அவில் மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது கூடாது. குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவிடலாம். 108-ஐ அழைக்க வேண்டும். உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. தானே செலுத்தும் பேனா வடிவ ஊசி நம் ஊர்களில் எளிதில் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டிய சாதாரணக் குப்பி போதும். கிலோவுக்கு 0.01 மி.கி. அளவில் 20 கிலோ பிள்ளைக்கு மருத்துவரோ செவிலியரோ தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டியது 0.2 மி.லி.

சமூக நலத்துறை இதை மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆணையாக வெளியிடலாம். அதுவரை காத்திராமல் வெண்ணந்தூர் போன்ற ஓர் ஒன்றியம் வரும் கல்வியாண்டின் சேர்க்கைப் படிவத்திலேயே அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துத் தொடங்க வேண்டும்.