தானமாக வந்த கணிப்பொறி

"நம்ம காலேஜ் பத்தி ஏதாவது எழுது" என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. ஹாஸ்டல் சாம்பாரையும் கேன்டீன் கடன் நோட்டையும் மற்ற நண்பர்கள் விட்டுவைக்கப் போவதில்லை என்பதால், அடியேன் ஒரு பழைய கணிப்பொறியின் கதையை எழுதத் துணிந்தேன். நம் கல்லூரிக்கும் அதற்கும் உள்ள உறவு போகப் போகத் தெரியும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது நினைவிருக்கும். அடுத்ததான விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இவை இல்லாத பெட்டிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அலுவலகங்களில் ஒரே நாளில் 'பழைய சாமான்' ஆகிவிட்டன. எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு மூலை நிறையப் பெட்டிகள். ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வட்டு. அலுவலகத் தகவல்களை முழுக்க அழித்து, எழுதி வாங்கி, காரின் பின் சீட்டில் உட்கார வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு.

தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்ததுமே எனக்குச் சுருக்கென்றது. ஓர் ஓரத்தில் பச்சைத் துணி போர்த்திய மேசை. துணியைத் தூக்கினால் ஏற்கெனவே ஒரு கணிப்பொறி! யாரோ நல்ல மனசோடு சில வருடங்களுக்கு முன் கொடுத்தது. இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. பூஜை போட்ட சந்தனம் மானிட்டர் மேல் அப்படியே காய்ந்திருந்தது.

"தம்பி, பசங்க கையை வச்சு ஏதாவது ஆயிடுச்சுன்னா ஆடிட்ல யார் பதில் சொல்றது? அதான் மூடி வச்சிருக்கோம்" என்றார் டீச்சர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தவர் பெட்டியைத்தான் கொடுத்தார். ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பர்கூடக் கொடுக்கவில்லை.

இந்தப் பச்சைத் துணிக்கு நம் நாட்டில் வயது அதிகம். 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் கட்டமாக 250 பள்ளிகள். அங்கே போனவை பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள். பிரிட்டனில் பிபிசி நிறுவனம் பொதுமக்களுக்குக் கணிப்பொறி கற்றுத்தரும் நிகழ்ச்சிகளுக்காக ஏக்கார்ன் நிறுவனத்திடம் செய்து வாங்கிய மாதிரி அது. பி மாடலுக்கு நினைவகம் 32 கேபி! இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதற்குள் அடங்காது. அந்தச் சின்ன இயந்திரத்தில் பிரிட்டிஷ் பிள்ளைகள் விளையாட்டுகளே எழுதினார்கள். நம் பக்கம் சமாச்சாரம் வேறு. பயிற்சி கொஞ்சம், பாடம் ஆங்கிலம், பழுது பார்க்க ஆள் தூரம். ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கம்ப்யூட்டர் ரூம், அதற்கு ஒரு பூட்டு. நம் தலைமுறை வரைக்கும் அந்த மரியாதை தொடர்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதே 1980-களில்தான் மாற்று வழியும் பிறந்தது. 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 1993-இல் இயன் மர்டாக் டெபியன் தொகுப்பைத் தொடங்கினார்; அப்போது காதலியாக இருந்த டெப்ரா பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.

நாம் படித்தபோது இதெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? தபாலில்! உபுண்டு தொகுப்பின் சிடிக்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பும் 'ஷிப்இட்' என்ற ஏற்பாடு 2011 வரை இருந்தது. ஹாஸ்டல் முகவரிக்கு அந்தக் கவர் வந்தால் வார்டன் ஏதோ வெளிநாட்டு வேலை ஆர்டர் என்று நினைத்துப் பார்ப்பார். ஒரு சீனியர் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாம என்டர் அடிடா, போனா மறுபடி போட்டுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி முதல் முறை நிறுவ வைத்தார். அந்த வாக்கியம்தான் நான் கல்லூரியில் கற்ற பாடங்களில் இன்றும் சோறு போடுவது.

கேரளத்தில் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அவர்கள் செய்த பெரிய காரியம், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. பத்தாம் வகுப்புத் தேர்வில் செய்முறையாகவே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு எப்படித் துணி போர்த்த முடியும்? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி வழங்கல் தொடங்கியபோது, விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் கூடவே வந்தது. என் சித்தி மகளுக்குக் கிடைத்த மடிக்கணினியில் பாஸ் எத்தனை நாள் இருந்தது தெரியுமா? ஒரு வாரம். கடைக்காரர் 'வேகமாக்கித் தருகிறேன்' என்று துடைத்துப் போட்டுவிட்டார். எங்கள் தெருவில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. நான் அப்போது வேலை தேடி வெளியூரில் அலைந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்குத் திரும்புவோம். டெபியன் 13-ஐ எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு போட்டேன். முதல் தகராறு தேதியில். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி செத்துப்போய், பெட்டி பல வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. மென்பொருள் பட்டியலை இறக்கப் போனால், 'இந்தப் பட்டியல் இன்னும் பிறக்கவே இல்லை' என்ற பாவனையில் மறுத்தது. பஸ் ஸ்டாண்ட் வாட்ச் கடையில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டதும் சரியாயிற்று. பச்சைத் துணிப் பெட்டிக்கும் அதே வியாதிதான். அதற்கும் ஒன்று வாங்கினேன்.

அடுத்தது தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். அதில் ஓர் அழகான சூட்சுமம்: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, 'அம்மா' வந்துவிடும். லினக்ஸில் இதைத் தருகிற எம்17என் நூலகத்தை உருவாக்கியது ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்று என்பது எனக்கே வியப்பு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த நான்கு விசையைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

எல்லாம் சுபம் என்று கிளம்ப இருந்தபோது டீச்சர் தன் பென் டிரைவைச் செருகினார். பல வருடமாகச் சேர்த்த கேள்வித்தாள்கள். திறந்தால் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை! முழுக்க ஆங்கிலக் குப்பை.

காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1991-இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் கணிப்பொறிகள் அதைச் சரியாகக் காட்டப் பல வருடம் ஆனதால், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று டிடிபி சென்டர்கள் ஓட்டின. அவற்றில் 'க' என்பது உள்ளே ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. டீச்சரின் கோப்புகள் அதற்கும் பிந்தியவை. ஆனாலும் பழக்கம் பழையது.

"அடுத்த வாரம் மாதத் தேர்வு தம்பி. இது சரியா வரலைன்னா நான் பிரவுசிங் சென்டருக்கே போயிடுவேன்" என்றார். துணி மறுபடி விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பைத்தானில் மாற்றி எழுதும் நிரல் ஒன்றைத் தயார் செய்தேன். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் நேர் எதிர். அதைத் திருப்பிப் போட்டால், (a) (b) (c) என்றிருந்த விடைக் குறிகளெல்லாம் தமிழாக மாறி வந்து நின்றன! அவற்றை விலக்கி, 37 கோப்புகளில் 33 தேறின. பேஜ்மேக்கரில் செய்த நான்கை என்னால் திறக்க முடியவில்லை. டீச்சரே அச்சைப் பார்த்து மறுபடி அடித்தார். அவருக்குத் தமிழ்99 பிடிபடாது, தட்டச்சில் ஹையர் பாஸ். நல்லவேளை, எம்17என்-இல் தட்டச்சு முறையும் இருந்தது. அவர் விரல்கள் லிப்ரே ஆபீஸில் ஓடிய வேகத்தைப் பார்த்து ஐந்தாம் வகுப்பே ஜன்னலில் கூடிவிட்டது. அந்த மென்பொருளின் மூதாதை, 1985-இல் ஜெர்மனியில் 16 வயதுப் பையன் மார்கோ பெரீஸ் தொடங்கிய நிறுவனத்தில் பிறந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். 'பதினாறா?' என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான்.

மாதத் தேர்வுக் கேள்வித்தாள் அந்தப் பெட்டியிலிருந்தே அச்சானது. இப்போது மதிய இடைவேளையில் இரண்டு பெட்டியும் திறந்திருக்கின்றன. டக்ஸ் பெயின்ட்டுக்கு வரிசை பெரிது. எலி ஒன்று ஏற்கெனவே போய்விட்டது (மவுஸைச் சொல்கிறேன்). இருப்புப் பதிவேட்டில் டீச்சர் 'பயன்பாட்டினால் பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பச்சைத் துணி கரும்பலகை துடைக்கப் போய்விட்டது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில், டெபியனும் அந்தப் பைத்தான் நிரலும் ஏற்றிய நான்கு பென் டிரைவ் என் பையில் இருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். ஒரு சிஆர்2032 பேட்டரியும் சேர்த்தே தருகிறேன்.