அமெரிக்க நெருப்பெறும்பு ஒழிப்புத் திட்டம் (1957–1978)

வீட்டு முற்றத்தில் எறும்புப் புற்று கிளம்பினால் கொதிநீர் ஊற்றுவதும் மருந்துப்பொடி தூவுவதும் எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த வேலையை அரசே விமானங்களைக் கொண்டு செய்து பார்த்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அத்திட்டம் படுதோல்வியில் முடிந்தது.

இந்த எறும்பு தென் அமெரிக்காவைச் சேர்ந்த செந்நிற நெருப்பெறும்பு. 1930களில் சரக்குக் கப்பல்கள் வழியாக அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்தில் இறங்கியது. பிற்காலத்தில் எறும்பியல் அறிஞராகப் புகழ்பெற்ற எட்வர்ட் வில்சன், 1942இல் 13 வயதுச் சிறுவனாக, அதே ஊரில் தன் வீட்டருகே இதன் புற்றைக் கண்டார். 1949இல் மாநில அரசுக்காக இதன் பரவலை ஆய்வு செய்தவர்களிலும் அவர் ஒருவர்.

புல்வெளிகளில் மண்மேடாகப் புற்று எழுப்பும் இந்த எறும்பு, காலால் சற்றே தொட்டாலும் கூட்டமாக ஏறிக் கொட்டும். கொட்டிய இடத்தில் மறுநாள் சீழ்க் கொப்புளம் தோன்றும். முதிர்ந்த ஒரு புற்றில் 2 லட்சம் எறும்புகளுக்கு மேல் இருக்கலாம். இத்தொல்லை உண்மையானதே. ஆனால் அரசு விளம்பரங்கள் இதைப் பயிரையும் கால்நடையையும் அழிக்கும் பேரிடராகச் சித்தரித்தது மிகை என்றே சொல்ல வேண்டும்.

1957இல் அமெரிக்கக் காங்கிரஸ் 24 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒன்பது மாநிலங்களில் சுமார் 2 கோடி ஏக்கர் நிலத்திலிருந்து எறும்பை ஒழிப்பது இலக்கு. டைல்ட்ரின், ஹெப்டகுளோர் என்ற கொடிய நஞ்சுகள் குறுணைகளாக ஏக்கருக்கு 2 பவுண்டு வீதம் தூவப்பட்டன. பறவைகளும் காட்டு விலங்குகளும் மடிந்தன. லூசியானாவின் கரும்பு வயல்களில் துளைப்பான் புழு பெருகியது. அப்புழுவைத் தின்று வந்ததே இந்த எறும்புதான்! ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

அதே காலத்தில் மைரெக்ஸ் என்ற புதிய மருந்து வந்தது. இதன் உத்தி நுட்பமானது. வேலைக்கார எறும்புகள் திட உணவை விழுங்குவதில்லை. எண்ணெய் போன்ற திரவங்களை உறிஞ்சி ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன. எனவே சோயா எண்ணெயில் நஞ்சைக் கரைத்து, சோளக்கதிர்ச் சக்கையின் பொடியில் ஊறவைத்து இரையாக்கினர். நஞ்சு மெதுவாக வேலை செய்வதால், இரை எடுத்துச் சென்ற எறும்பு சாகும் முன்பே அது ராணிக்கும் போய்ச் சேரும். ஏக்கருக்குச் சில கிராம் நஞ்சே போதுமானதாக இருந்தது. இரண்டாம் உலகப்போரின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள்கூட இந்த இரையைத் தூவப் பயன்பட்டன. திரும்பத் திரும்பத் தூவிய பரப்பைக் கூட்டினால் பத்துக் கோடி ஏக்கரைத் தாண்டும்.

ஆயினும் எறும்பு ஒழியவில்லை. இரை உள்ளூர் எறும்புகளையும் சேர்த்துக் கொன்றது. காலியான நிலத்தில் முதலில் குடியேறியது வேகமாகப் பெருகும் நெருப்பெறும்பே. இணைவிழைந்து பறக்கும் இளம் ராணிகள் தொலைவிலிருந்து வந்து இறங்கின. 1958 முதல் தனிமைப்படுத்தல் விதிகள் நடப்பில் இருந்தும், நாற்றங்கால் செடிகளோடும் புல்தரைத் துண்டுகளோடும் அது புதிய முற்றங்களுக்குப் போனது. 1972இல் பூச்சியியலாளர் வில்லியம் பியூரன் இதற்குச் சூட்டிய அறிவியல் பெயர் 'இன்விக்டா'. 'வெல்லப்படாதது' என்று பொருள். மைரெக்ஸோ மண்ணில் எளிதில் சிதையாமல் மீன்களிலும் மனிதக் கொழுப்பிலும் சேர்ந்திருப்பது தெரியவந்தது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவதும் கண்டறியப்பட்டது. 1978க்குள் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

பின்னர் அடியோடு ஒழிக்கும் எண்ணம் கைவிடப்பட்டு, அவரவர் முற்றத்தில் கட்டுக்குள் வைப்பதே வழியாயிற்று. 1990களில் இந்த எறும்பின் தலைக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் சிறு ஈக்கள் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. அவை எறும்பை ஒழிக்கவில்லை. அதன் இரைதேடலைச் சற்றுத் தடுத்தன. வீட்டுக்காரர்களுக்கு இன்று பரிந்துரைக்கப்படுவது இரண்டு படி முறை: விரைவில் சிதையும் மருந்து கலந்த இரையை முற்றம் முழுவதும் தூவிவிட்டு, சில நாள் கழித்துத் தொல்லை தரும் புற்றுகளுக்கு மட்டும் தனியே மருந்திடுவது. எறும்பு இரைதேடும் நேரமா என்றறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. புற்றருகே ஓர் உருளைக்கிழங்கு வறுவலை வைக்க வேண்டும். அரை மணி நேரத்திற்குள் எறும்பு மொய்த்தால் இரையைத் தூவலாம்.