இரும்புப் பாதையும் வருணப் பாதையும்

"எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார், நடைமேடைச் சீட்டு கேட்டு நின்ற நம்மை நோக்கிச் சீட்டுக் கொடுப்பவர். "எங்கும் போக அல்ல, இரயில் பார்க்க வந்தோம்" என்றோம். சிரித்தார். கோயில் பார்க்கப் போகிறவனைக் கண்டு சிரிக்காத நாடு, இரயில் பார்க்கப் போகிறவனைக் கண்டு சிரிக்கிறது!

சென்னைக்கு மேற்கே 69 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அரக்கோணம் சந்திப்பு. கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி, சோலையார்பேட்டை, வடக்கே ரேணிகுண்டா வழியாக மும்பை, தெற்கே காஞ்சிபுரம், செங்கற்பட்டு. நான்கு பக்கமும் தண்டவாளம். ஒரு மாலைப் பொழுது முழுவதும் நடைமேடைப் பலகை ஒன்றில் அமர்ந்திருந்தோம்.

சென்னையிலிருந்து புறநகர் மின்சார வண்டி வந்து நின்றது. ஆலைத் தொழிலாளி இறங்கினான். கூடையைத் தலையில் ஏந்திய பூக்காரி இறங்கினாள். கல்லூரிப் பெண்கள் இறங்கினர். கோப்பைச் சுமந்த அலுவலர் இறங்கினார். அத்தனை பேரும் தோளோடு தோள் உரச நின்றுகொண்டே வந்தவர்கள். எந்தக் குலத்தான் தோள் எந்தக் குலத்தான் மீது பட்டது என்று கேட்க மனுவுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. அவர் வந்தாலும் நிற்கத்தான் வேண்டும்!

அடுத்த தடத்தில் விரைவு வண்டியொன்று மேடை அதிர ஓடியது. அதற்கப்பால், முடிவே இல்லாதது போல் நீண்டு கிடந்தது சரக்கு வண்டி. திருத்தணிக்குச் செல்லும் அன்பர்கள் வடக்கு நோக்கும் வண்டிக்குக் காத்திருந்தனர். காஞ்சிக்குச் செல்வோர் தெற்கு வண்டிக்கு. புட்பக விமானத்தின் பெருமையைக் கதாகாலட்சேபத்தில் கேட்டுத் தலையசைப்பவரும், ஊர் போய்ச் சேர ஸ்டீபன்சன் தந்த வண்டியைத்தான் நாடுகிறார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அந்த ஆங்கிலேயர் 1825 இல் ஓட்டிக் காட்டிய எந்திரத்திற்கு யாரும் ஆலயம் எழுப்பவில்லை. அதனால் அது ஓடாமலும் நின்றுவிடவில்லை.

இந்தப் பாதைக்கு வயது அதிகம். 1856 சூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திற்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது. அது கடந்து சென்ற வழியில்தான் அரக்கோணம் இருக்கிறது. 1871 இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இராய்ச்சூரில் கைகுலுக்கின. வங்கக் கடற்கரையும் அரபிக் கடற்கரையும் அரக்கோணம் வழியே இணைந்தன.

இன்னொரு செய்தி, நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1865 இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். சென்னைப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். காஞ்சிப் பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம். பின்னர் அது மீட்டர் பாதையாயிற்று; அப்போதும் அகலப் பாதையோடு ஒட்டவில்லை. ஒரே ஊர், ஒரே நிலையம், ஒரே இரும்பு. ஆயினும் அந்தப் பாதை வண்டி இந்தப் பாதையில் ஏற முடியாது. நெல் மூட்டையானாலும் நெசவுத் துணியானாலும் இறக்கித்தான் ஏற்றவேண்டும். கூலி இரட்டிப்பு, காலம் இரட்டிப்பு. 1992 இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்திற்குப் பிறகே இந்தத் தொல்லை இங்கே நீங்கியது.

பிரித்து வைத்த பாதையால் நட்டம் என்பதைப் பொறியாளன் கணக்குப் போட்டுக் கண்டான். பாதையைப் பெயர்த்து மீண்டும் போட்டான். மனிதனை நான்கு அகலத்தில் வார்த்து, ஒருவன் வழியில் மற்றவன் வரக்கூடாது என்று விதித்தவர்கள் இன்றுவரை அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை!

இரயில் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. 1853 இல் கார்ல் மார்க்சு, நியூயார்க் ஏடு ஒன்றில் எழுதுகையில், இரயில் வழியே வளரும் தொழில்கள் பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைக்கும், அதன்மேல் நிற்கும் சாதியையும் கரைக்கும் என்று கணித்தார். அந்த அறிஞர் எதிர்பார்த்தது போல் ஆயிற்றா?

1901 ஆம் ஆண்டு. பம்பாய் மாகாணம், சதாரா. தந்தையைக் காணச் சில சிறுவர்கள் இரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை கண்டு அன்பாகப் பேசினார் நிலைய அதிகாரி. "நீங்கள் யார்?" என்றார். "மகர்கள்" என்றனர். முகம் மாறிற்று, விலகிப் போனார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னபிறகே ஒரு வண்டிக்காரன் இசைந்தான். அதுவும் சிறுவர்களே மாட்டை ஓட்டவேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவான் என்ற நிபந்தனையோடு! வழியில் தண்ணீரும் கிடைக்கவில்லை. அச்சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் அரசியல் சட்டத்தை வரைந்த அம்பேத்கர். இரயில் அவரைச் சாதி கேட்காமல் ஏற்றி வந்தது. நிலையத்து வாசல் கேட்டது.

நம் நாட்டு நிலையங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு வேறோர் இடம். ஒரே பலகையில் அமர்ந்து ஒரே சன்னலில் வேடிக்கை பார்த்து வந்த இருவர், இட்டலி உண்ண இறங்கியதும் இரு வாசல்களில் நுழைய வேண்டும். வண்டி நவீனம், வயிறு வருணாசிரமம்! சுயமரியாதை இயக்கம் மேடைகளிலும் ஏடுகளிலும் இதை ஓயாது இடித்துரைத்தது. பெரியாரும் அவர்தம் தோழர்களும் விடவில்லை. 1941 இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1856 முதல் 1941 வரை எண்ணிப் பாருங்கள்: எண்பத்தைந்து ஆண்டுகள்! இத்தனை காலமும் இரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஓடியதால் பலகை கழன்று விழவில்லை. கழற்றச் சொல்லிக் குரல் எழுந்ததால் கழன்றது.

தண்டவாளத்தையே பாருங்கள். பெட்டிகளின் கழிப்பறைகள் பல பத்தாண்டுகளாகப் பாதையின் மீதே திறந்திருந்தன. விழுந்ததை அள்ளும் வேலை யார் தலையில் விழுந்தது? எந்தச் சாதி என்று சொல்லவும் வேண்டுமோ? 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் மற்றொரு சட்டம் அந்தக் கொடுமையைத் தடை செய்தன. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தியதும் அண்மைக் காலத்தில்தான். மின்சாரத்தால் வண்டியை இழுக்கத் தெரிந்த அறிவியலுக்கு இந்த வழி முன்பே தோன்றாதா? தோன்றும். தோன்ற வேண்டும் என்று கேட்போர் குரல் காதில் விழாதிருந்தது, அவ்வளவே.

பொழுது சாய்ந்தது. மும்பைப் பக்கம் செல்லும் வண்டி புறப்பட்டது. நிலையத்தின் எல்லையில் பாதை பிரியும் இடத்தைக் கவனித்தோம். அங்கே கூர்மையான இரண்டு இரும்பு நாக்குகள் இருக்கின்றன, பாயிண்ட் என்பார்கள். அவை ஒரு கையகலம் நகர்ந்தால் வண்டி வடக்கே போகும். நகராவிட்டால் மேற்கே போகும். எத்தனை ஆற்றல் உள்ள எஞ்சின் ஆனாலும், தான் போகும் திசையைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. பாயிண்டைத் திருப்ப மனிதன் வேண்டும்.

இரயில் மட்டுமல்ல, பள்ளியும் அப்படித்தான், ஆலையும் அப்படித்தான், இன்று கையில் தவழும் கைப்பேசியும் அப்படித்தான். புதுமை வந்துவிட்டது, பழமை தானே போகும் என்று மேடையில் அமர்ந்து காத்திருப்பவர்கள், வராத வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். அதே கைப்பேசியில் சாதிச் சங்கமும் நடக்கிறது, சாதகப் பொருத்தமும் நடக்கிறது!

தோழர்களே, ஒரு நாள் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சந்திப்புக்குச் செல்லுங்கள். வண்டிகளைப் பாருங்கள், வியந்து பாருங்கள். வியப்பு தீர்ந்தபின், பாதை பிரியும் இடத்திற்குக் கண்ணைத் திருப்புங்கள். அங்கே நிற்க வேண்டியவர்கள் நாம்.